மூடிய ஆலயத்தின் சொத்து

கேள்வி: குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியூர் சென்றுவிட்டதால், எங்கள் கிராம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஆராதனை நின்றுவிட்டது. அந்த நிலத்தை விற்று வேலூரில் புதிய ஊழியம் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் பத்திரத்தைப் பாருங்கள். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் என்ற அமெரிக்க மிஷனரி அமைப்பின் வழி வந்தவை உட்பட, உங்கள் திருச்சபையின் சொத்துகள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால், சேகரக் கமிட்டி (உள்ளூர் சபைகளின் நிர்வாகக் குழு) தீர்மானம் போட்டுவிட்டுத் தானாக விற்றுவிட முடியாது. ஒருவர் குறிப்பிட்ட அறநோக்கத்துக்கென்று எழுதிவைத்த நிலமாக இருந்து, அந்நோக்கம் நிறைவேற வழியில்லாமற்போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை வேறு அறப்பணிக்கு மாற்ற அனுமதிக்கலாம். விற்பதைவிட, உரிய அனுமதியோடு குத்தகைக்கு விட்டு அந்த வருமானத்தை ஊழியத்துக்குத் தருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. விற்ற பணம் சம்பளத்திலேயே கரைந்துவிடும். கல்லறைத் தோட்டம் ஒட்டியிருந்தால், அதைத் தனியே அளந்து பிரித்துவையுங்கள்.