மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி: சத்தத்தைக் கேட்டு நோட்டு எழுதின பொண்ணோட அப்பாவுக்கு

சார், வணக்கம். +2க்கு அப்புறம் என்ன படிக்கலாம்னு யோசனை கேட்டு அன்னிக்கு நீங்க, மேடம், உங்க அண்ணன், பாப்பா நாலு பேரும் என்கிட்ட வந்தப்ப முக்கால்வாசி நேரம் உங்க அண்ணனே பேசிட்டாரு, நான் சொல்ல வேண்டியது பாதி நின்னு போச்சு. அதான் எழுதறேன். பேர் ஊர் எல்லாம் எடுத்துட்டு பொதுவாவே போடறேன், இதே குழப்பத்துல இன்னும் நிறைய வீடு இருக்கு.

கவலைப்படாதீங்க, பாப்பா நல்லா வருவான்னு ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லலாம் தான், ஆனா அடுத்த வாரம் கம்ப்யூட்டர் சயின்ஸ் - ஏஐ மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டப் போறீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கட்டாதீங்க சார். தோட்டத்துல பாதியை வித்து, அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு படிப்பை வாங்கி, நாலு வருஷம் கழிச்சு அரியரோட வந்து நின்னா உங்க அண்ணன் வந்து அந்த தோட்டத்தை மீட்டுத் தரப் போறதில்ல. இன்ஜினியரிங் தப்புன்னு நான் சொல்லல, கோடிங் பிடிச்ச பிள்ளை கவுன்சிலிங்ல சீட் எடுத்து கவர்மென்ட் ஃபீஸ்ல படிச்சா நானே சந்தோஷமா அனுப்பி வைப்பேன். இது அந்த கேஸ் இல்ல. பாப்பாவுக்கு சினிமா பக்கம் தான் மனசு. அதுக்கு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), மாஸ் கம்யூனிகேஷன் இருக்கறது பத்தி உங்களுக்கே தெரியும், கூகுள்ல தேடினா முதல் பக்கமே அது தான், அதை விட்டுடறேன்.

பாப்பா கொண்டு வந்த அந்த நோட்டுக்கு வரேன். "படம் பாக்குறதுக்கு இது ஒரு சாக்கு"ன்னு உங்க அண்ணன் ஓரமா தள்ளி வச்சாரே, அது. 'தி பார்ன் அல்டிமேட்டம்' படத்தைப் பத்தி எழுதியிருக்கா, 2007ல வந்த ஹாலிவுட் ஸ்பை படம், பால் கிரீன்கிராஸ் டைரக்‌ஷன், மேட் டேமன் ஹீரோ. முதல் சில பக்கம் மீடியா படிக்கிற பசங்க எல்லாரும் எழுதறது தான், அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. கேமரா வழியா ஊரையே வேவு பாக்குது, டைரக்டர் டாக்குமெண்டரில இருந்து வந்தவர் அதனால கேமரா கையிலயே ஆடிட்டு இருக்கு, இந்த மாதிரி. தப்பில்ல, மார்க் போடலாம்.

அதுக்கப்புறம் வர்ற பக்கங்கள் வேற ரகம் சார். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன் சீன் ஒண்ணு இருக்கு, ஒரு பத்திரிகை ரிப்போர்ட்டரை சி.ஐ.ஏ. ஆளுங்க சிசிடிவி வழியா துரத்துவாங்க, ஹீரோ பார்ன் அந்த ரிப்போர்ட்டரோட பாக்கெட்ல ஒரு செல்போனைப் போட்டுட்டு கூட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டே எந்தப் பக்கம் போகணும், எங்க நிக்கணும்னு வழி சொல்லிட்டே இருப்பான். இதுக்கு பாப்பா ஸ்கேல் வச்சு மூணு கட்டம் போட்டிருக்கா: நேரம், படம், சத்தம். படத்துக்குன்னு இருக்குற கட்டத்துல ஒவ்வொரு வரி தான், சத்தத்துக்கான கட்டத்துல இடம் பத்தாம மார்ஜின் வரைக்கும் எழுதியிருக்கா. இந்தப் படத்துல சராசரியா 2 செகண்டுக்கு ஒரு ஷாட் மாறும், ஆனாலும் நமக்கு தலை சுத்தாம கதை புரியுதுன்னா ஷாட் வெட்டினாலும் போன் பேச்சு அறுபடாம ஓடுது, அது தான் நம்மள கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுதுன்னு எழுதியிருக்கா. அடுத்து மொராக்கோ நாட்டு டாஞ்சியர் ஊர்ல ஒரு வீட்டுக்குள்ள நடக்குற சண்டை, அங்க ஒரே வரி: "துரத்தும்போது மியூசிக் இருந்துச்சு, சண்டை ஆரம்பிச்சதும் நின்னுடுச்சு, மூச்சும் அடியும் தான் கேக்குது, ஏன்?" இந்த 'ஏன்' தான் சார் விஷயம். நூறு பேர் அந்த சண்டையைப் பார்ப்பாங்க, மியூசிக் நின்னதைக் கேக்கறவங்க ஒருத்தர் ரெண்டு பேர் தான் இருப்பாங்க.

இவ கேட்டது சும்மா இல்லங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். அந்தப் படத்துக்கு மூணு ஆஸ்கர், எடிட்டிங், சவுண்ட் மிக்ஸிங், சவுண்ட் எடிட்டிங். நடிப்புக்கோ கதைக்கோ ஒண்ணு கூட இல்ல.

அதனால நான் சொல்ற வழி ஆடியோகிராஃபி, அதாவது சினிமாவுக்கு சத்தம் பதிவு பண்ணி, வெட்டி, கோர்க்கற படிப்பு. யாருமே என்கிட்ட வந்து இதைக் கேக்கறதில்ல, சினிமான்னா டைரக்‌ஷன் இல்லன்னா கேமரான்னு தான் வர்றாங்க. சென்னை தரமணில எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கு, அங்க +2 முடிச்சவங்களுக்கு நாலு வருஷ பி.வி.ஏ. (பேச்சலர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்) டிகிரி, அதுல ஆடியோகிராஃபி ஒரு தனிப் பிரிவு. +2ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கேப்பாங்க, பாப்பா மேத்ஸ்-கம்ப்யூட்டர் குரூப், அதனால பிரச்சினை இல்ல, இருந்தாலும் இந்த வருஷ அறிவிப்பை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. ஃபீஸ் ஆயிரக்கணக்குல தான், லட்சத்துல இல்ல. சீட் ரொம்ப கம்மி, அதையும் சொல்லிடறேன்.

என்ன வேலை வரும்னு மேடம் கேட்டாங்க. ஷூட்டிங் ஸ்பாட்ல பூம் மைக் (நீளக் கம்பு நுனில இருக்குற மைக்) பிடிச்சு லைவ் சவுண்ட் எடுக்கறதுல இருந்து ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்டுடியோ வேலை, டயலாக் எடிட்டிங்னா நடிகர் பேசினதுல இருக்குற இரைச்சலை எடுத்து சுத்தம் பண்றது, எஃபெக்ட்ஸ்னா கார், துப்பாக்கி, மழை, கதவு. ஃபோலின்னு ஒண்ணு இருக்கு, திரையில ஒருத்தன் நடந்தா இங்க ஒரு ஆள் அதே வேகத்துல செருப்பு மாத்தி மாத்தி நடந்து ரெக்கார்ட் பண்ணுவாங்க, சட்டை உரசற சத்தம் கூட தனியா எடுப்பாங்க. கடைசில எல்லா டிராக்கையும் சேர்த்து தியேட்டருக்கு மிக்ஸ் பண்றது. இன்னொரு பக்கம் டப்பிங், ஒரு ஹாலிவுட் படம் தமிழுக்கு வரும்போது டயலாக் இல்லாத மியூசிக்-எஃபெக்ட்ஸ் டிராக் தனியா வரும், நம்ம ஆளுங்க குரலை எடுத்து அதுக்குள்ள பொருந்த வைக்கணும், அந்த ஸ்டேஷன்ல பேசின குரல் அந்த ஸ்டேஷன்லயே பேசின மாதிரி கேக்கணும். கேட்டு கேட்டு நோட்டு எழுதற பிள்ளைக்கு இது வேலை மாதிரியே இருக்காது. ஓடிடி, விளம்பரம், கேம், ஆடியோபுக் எல்லாத்துக்கும் இதே காது தான் வேணும்.

"பொம்பளப் பிள்ளை, ராத்திரி ஷூட்டிங்"னு நீங்க தயங்கினது எனக்குப் புரியுது. ஸ்பாட் வேலையில நேரம் காலம் கிடையாது, உண்மை தான். ஆனா எடிட்டிங், மிக்ஸிங் எல்லாம் ரூமுக்குள்ள உக்காந்து பண்ற வேலை, டெட்லைன் வந்தா அங்கயும் லேட் ஆகும், அதுக்கு ஐ.டி. கம்பெனியும் விதிவிலக்கு இல்லையே. பாப்பா எழுதின அதே படத்துக்கு சவுண்ட் எடிட்டிங் ஆஸ்கர் வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் பொம்பளை, கேரன் பேக்கர் லாண்டர்ஸ். 2013ல 'ஸ்கைஃபால்' ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கும் வாங்கினாங்க. அதுவும் ஸ்பை படம் தான்.

சம்பளம் பத்தி மழுப்ப மாட்டேன். முதல் ரெண்டு மூணு வருஷம் அசிஸ்டென்ட் வேலை, காசு கம்மி, மாசா மாசம் ஒரே மாதிரி வராது, சினிமால தொடர்ந்து இருக்கணும்னா யூனியன் கார்டுக்கும் தனியா செலவு இருக்கு. தோட்டத்தை விக்கிற பணத்துல ஒரு சின்ன துண்டு போதும், அவளுக்கு இந்த வருஷங்களைத் தாண்டறதுக்கு. நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, கம்ப்யூட்டர் வீட்ல இருக்கறதே போதும். எந்த பிரைவேட் "சவுண்ட் அகாடமி"யும் ஆறு மாசத்துல வேலை கேரண்ட்டின்னு லட்சக்கணக்குல கேட்டா வாசல்லயே திரும்பிடுங்க. லோன் போட்டு வெளிநாட்டுல ஃபிலிம் ஸ்டடீஸ்ங்கற யோசனையும் இப்ப வேணாம், உங்க மச்சான் லண்டன்ல இருக்கார்ங்கறது மட்டும் அதுக்குக் காரணம் ஆகாது.

தரமணில சீட் கிடைக்கலன்னா? பக்கத்துல இருக்குற கவர்மென்ட் காலேஜ்லயோ எய்டட் காலேஜ்லயோ பி.எஸ்சி. பிசிக்ஸ் சேத்துடுங்க. அது வேஸ்ட் ஆகாது, ஒலியியல் அங்க தான் படிக்கப் போறா. டிகிரி முடிச்சதும் புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் (எஃப்.டி.ஐ.ஐ.), கொல்கத்தா சத்யஜித் ரே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ரெண்டுலயும் சவுண்டுக்குன்னு தனி கோர்ஸ் இருக்கு, ரெண்டுமே மத்திய அரசோடது, என்ட்ரன்ஸ் எழுதணும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' சவுண்டுக்கு ஆஸ்கர் வாங்கின ரசூல் பூக்குட்டி புனேல படிச்சவர் தான், கேரளாவுல ஒரு சாதாரண குடும்பம், நம்ம 'எந்திரன்'லயும் வேலை பார்த்தவர். எல்லாரும் அவர் ஆகிட மாட்டாங்க, அதுவும் தெரிஞ்சுக்கங்க, ஆனா வழி இருக்குன்னு காட்ட ஒரு ஆள் வேணும்ல.

பாப்பாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இப்பவே செல்போன்ல உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட், சந்தை, தறி ஓடற ஷெட்டு எல்லாம் ரெக்கார்ட் பண்ணி, ஒரு நிமிஷத்துல ஒரு கதை சொல்ற மாதிரி வெட்டி ஒட்டிப் பழகச் சொல்லுங்க. இன்டர்வியூல சினிமா பிடிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, இதையும் அந்த நோட்டையும் எடுத்து வச்சா பேச்சு வேற மாதிரி போகும்.

மார்க் ஷீட், டி.சி., கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க, அப்ளிகேஷன் அறிவிப்பு வந்தா நாள் கம்மியா தான் தருவாங்க. உங்க அண்ணன்கிட்ட நான் பேசணும்னா நம்பர் அனுப்புங்க, நானே பேசறேன், எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல. ஆனா அட்வான்ஸைக் கட்டிட்டு அப்புறம் கூப்பிடாதீங்க சார், அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கறதுக்குள்ள இந்த வருஷ அட்மிஷனே முடிஞ்சிடும்.