தஞ்சாவூரில் வாடகை இடத்துக்கு இடம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

பழைய நகரின் வீதிகளில் முற்றம் வைத்த ஓட்டு வீடு கிடைக்கும் வாடகைக்கு, மருத்துவக் கல்லூரிச் சாலையில் இரண்டு அறைகள்தான் கிடைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவக் கல்லூரி, புதிய பேருந்து நிலையம், வல்லம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றை ஒட்டி வருபவர்கள் அந்தப் பக்கத்தையே தேடுவதால், கல்வியாண்டு தொடங்கும் ஜூன், ஜூலையில் அங்கு போட்டி கடுமையாகிவிடுகிறது. கீழ வீதிப் பக்கமோ திண்ணை உண்டு, கார் நிறுத்த இடமில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும் (அது யார் செலவு என்பதில்தான் பாதிச் சண்டை).

முன்பணத்தில் கவனமாக இருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் கையெழுத்திட்டால் போதும், பதிவே தேவையில்லை என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம்.