பழைய ஜாயின்ட் லோன் இருக்கும்போது தனியாக வீட்டுக் கடன் கிடைக்குமா?

கேள்வி: விவாகரத்து முடிந்துவிட்டது. இருவர் பெயரிலும் உள்ள பழைய வீட்டுக் கடனை முன்னாள் துணைவர்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது, அவரும் கட்டுகிறார். நான் தனியாக வீட்டுக் கடன் கேட்டால், அந்தத் தவணையை என் கணக்கிலும் சேர்க்கிறார்கள். இது நியாயமா?

பதில்: தீர்ப்பு உங்கள் இருவரையும்தான் கட்டுப்படுத்தும். அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே இல்லை. கடன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்வரை, முழுப் பாக்கியையும் உங்களிடமே கேட்க வங்கியால் முடியும். பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு என்று அது பிரித்துப் பார்க்காது. அவர் ஒரு மாதம் தவறினால் உங்கள் கடன்களையும் அவை கட்டப்பட்ட விதத்தையும் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பதிவாகும். தீர்ப்பை மீறினார் என்று நீங்கள் வழக்குப் போடலாம், ஆனால் அந்தப் பதிவு அதனால் அழியாது.

வெளியே வர மூன்று வழிகள் உண்டு: வீட்டை விற்றுக் கடனை அடைப்பது, அவர் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை முடிப்பது, அல்லது உங்களை விடுவிக்கும்படி வங்கியிடம் இருவரும் எழுதிக் கேட்பது. மூன்றாவதில் அவருடைய வருமானம் மட்டுமே போதுமா என்று வங்கி மறுபடி பார்க்கும். போதாது என்றால் மறுத்துவிடும்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். வீட்டில் தங்களுக்குள்ள பங்கை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடனிலிருந்து பெயரை எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பத்திரத்தில் பெயர் போனாலும் கடனில் பெயர் போகாது. வீடு கைவிட்டுப் போய், கடன் மட்டும் தங்கும். இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள், முடியாவிட்டால் விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்தபின் கையெழுத்துப் போடுங்கள். சில வாரம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, அந்தக் கடன் உங்கள் பெயரிலிருந்து நீங்கிவிட்டதா என்று பாருங்கள்.

தீர்ப்பின் நகலையும், அவர் கணக்கிலிருந்தே ஒரு வருடமாகத் தவணை போவதைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டையும் கொடுத்தால், அந்தத் தவணையைச் சேர்க்காமல் விடும் வங்கிகளும் உண்டு. கேட்டுப் பார்க்கலாம். எழுத்தில் பதில் வரும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாதம் 60,000 சம்பளம். வண்டிக் கடனுக்கு 6,000 போகிறது. எவ்வளவு கடன் கிடைக்கும்?

பதில்: சம்பளத்தில் இத்தனை சதவீதத்துக்குள் எல்லாத் தவணைகளும் அடங்க வேண்டும் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு வரம்பு வைத்திருக்கும். 40 என்று கொள்வோம். 24,000 வருகிறது, வண்டிக்கு 6,000 போனால் மீதி 18,000. வட்டி 8 சதவீதம், 20 வருடம் என்றால், ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 836. ஆக, ஏறக்குறைய 21.5 லட்சம். வண்டிக் கடனை முதலில் அடைத்துவிட்டால் அதுவே 28.7 லட்சமாகிறது. சின்னக் கடன்தானே என்று அதை அப்படியே விட்டுவிட்டுச் சம்பள உயர்வுக்காகக் காத்திருப்பது வீண்.

காலத்தை 30 வருடமாக நீட்டினால் லட்சத்துக்கு 734 ஆகக் குறையும். ஆனால் மொத்த வட்டி லட்சத்துக்கு ஒரு லட்சம் என்பதிலிருந்து 1.64 லட்சமாக ஏறும். தவிர, ஓய்வு வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள்.

வங்கி தரும் உச்சத் தொகையை அப்படியே வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரு மாதம் சம்பளம் நின்றால் கைகொடுக்க இன்னொரு சம்பளம் இல்லை. ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை முன்பணமாகப் போடுங்கள்.

கேள்வி: ஜீவனாம்சத்தை வருமானமாகக் காட்டலாமா?

பதில்: நீதிமன்ற உத்தரவில் தொகை இருந்து, மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து, இன்னும் சில வருடம் தொடரும் என்றும் தெரிந்தால் காட்டலாம். கையில் ரொக்கமாக வாங்கியது கணக்கில் வராது. குழந்தைக்கான தொகை குறிப்பிட்ட வயதோடு நிற்கும் என்பதால், பிள்ளையின் வயதையும் பார்ப்பார்கள். மொத்தமாக வந்த தொகை வருமானமல்ல, அது முன்பணத்துக்கு ஆகும். அப்போதும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், உத்தரவின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜீவனாம்சம் கொடுப்பவர் நீங்களென்றால், அது இன்னொரு தவணைபோலக் கழிக்கப்படும்.

கேள்வி: தம்பியைச் சேர்த்து விண்ணப்பித்தால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கலாம். ஆனால் நாளை அவர் தனக்கென்று வீட்டுக் கடன் கேட்கும்போது, உங்கள் தவணை முழுவதும் அவர் கணக்கில் நிற்கும். முதல் கேள்வியில் உள்ள அதே சிக்கல், இந்த முறை தம்பிக்கு. அவரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.