அள்ளிய அமலைச் செடி மீண்டும் வருவது ஏன்?

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே தாமிரபரணியில் படர்ந்திருந்த அமலைச் செடிகளை எங்கள் ஊர் இளைஞர்கள் நாற்பது பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அள்ளிக் கரையேற்றினோம். இரண்டு மாதத்துக்குள் அதே இடம் மறுபடியும் பச்சையாக மூடிக்கொண்டது. எங்கள் உழைப்பு வீண்தானா?
– ஸ்ரீவைகுண்டம் வட்ட வாசகர்

பதில்: வீண் இல்லை. ஆனால் வேலை பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் அமலை என்றும், பிற மாவட்டத்தார் ஆகாயத்தாமரை என்றும் சொல்லும் இந்தச் செடி தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊதா நிறப் பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. தாய்ச் செடி பக்கவாட்டில் தண்டு நீட்டி, அதன் நுனியில் ஒரு சேய்ச் செடியை ஈன்றுகொண்டே போவதால், வெப்பமும் ஊட்டமும் மிகுந்த நீரில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரு மடங்காகிவிடும். நாணல் இடுக்கிலும் படித்துறை மூலையிலும் நீங்கள் நூறு செடிகளை விட்டுவிட்டு வந்திருந்தால், இரண்டு மாதத்தில் அவை ஆயிரத்து அறுநூறு ஆகியிருக்கும். போதாக்குறைக்கு, அதன் விதைகள் அடி வண்டலில் 15 ஆண்டுகளுக்கு மேலும் முளைப்புத் திறன் குன்றாமல் கிடக்கக் கூடியவை.

ஆகவே, நாற்பது பேர் கூடிய அந்த மூன்று ஞாயிறுகளைக் காட்டிலும், அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து பேர் வந்து, புதிதாகத் தலைகாட்டும் செடிகளைக் கையால் பொறுக்கி எடுப்பதே ஆற்றைக் காக்கும் வேலை. அந்த வேலைக்குக் கூட்டமும் வராது, படம் பிடிக்கவும் யாரும் வரமாட்டார்கள். அதைச் செய்ய மனமுள்ள ஐந்து பேரை முதலில் கண்டுபிடியுங்கள்.

உங்கள் இடத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். மேலே அறுபட்டு மிதந்து வருவதெல்லாம் உங்களிடம் வந்துதான் தேங்குகிறது. உங்களுக்கு மேலே உள்ள மருதூர் அணைக்கட்டுப் பக்கத்துக் குழுக்களுடன் பேசி, மேலிருந்து கீழாக வேலையை வகுத்துக்கொண்டால் பாதிச் சுமை குறையும். சில ஊர்களில் செடிகளைக் கழியால் தள்ளி மதகு வழியே அனுப்பிவிடுகிறார்கள். அது மிகப் பெரிய தவறு. அவை வடகால், தென்கால் என்னும் பாசன வாய்க்கால்கள் வழியாகக் குளங்களுக்குள் புகுந்து, அங்கே ஓட்டமில்லாத நீரில் இன்னும் வசதியாகப் பெருகும்.

அள்ளிய செடியைக் கரையோரம் குவிக்காமல், வெள்ளம் எட்டாத மேட்டில் பரப்பிக் காயவிடுங்கள். அதன் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் விரைவிலேயே சிறு குவியலாகச் சுருங்கிவிடும். கழிவுநீர் கலக்கும் இடத்தில் எடுத்த செடி கன உலோகங்களை உறிஞ்சியிருக்கக்கூடும். அதை உரமாக்கிக் கீரைப் பாத்திக்கு இடவேண்டாம். செடி இவ்வளவு கொழுத்து வளர்வதற்குக் காரணமே அந்தக் கழிவுநீர்தான். எந்தச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது என்பதைத் தேதியிட்ட படங்களுடன் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அதுவும் தன்னார்வலர் வேலைதான்.

கேள்வி: கரையில் சீமைக் கருவேலம் என்று நினைத்து நாங்கள் வெட்டிய ஒரு மரம் நாட்டுக் கருவேலம் என்று பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். எப்படி இனம் காண்பது?
– ஆழ்வார்திருநகரி வாசகர்

பதில்: அந்தப் பெரியவரை அடுத்த முறை உடன் அழைத்துப் போங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிற உருண்டை. காய், மணிகளைக் கோத்தது போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். முள் வெளுத்து நீண்டிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிராக நீண்டு தொங்கும். காய் வைக்கோல் நிறத்தில் இடுங்காமல் இருக்கும். இனிப்பான அந்தக் காயை ஆடுமாடுகள் தின்று, சாணத்தின் வழியே விதையை ஊரெங்கும் இட்டுவிடுவதால், காய் பழுக்கும் முன்பே வேலையை முடிப்பது நல்லது. தரைக்கு மேலே வெட்டினால் பல கிளைகளாகத் துளிர்க்கும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். இதற்கு நீர்வளத் துறையின் அனுமதியும் தேவை. நாட்டுக் கருவேலத்தில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். ஐயம் எழும் மரத்தை வெட்டாமல் விடுங்கள். சீமைக் கருவேலமே ஆனாலும் கூடு இருந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மீன்தொட்டியிலுள்ள ‘டேங்க் கிளீனர்’ மீன் மிகப் பெரிதாகிவிட்டது. கொல்ல மனமில்லை. ஆற்றில் விடலாமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: தயவுசெய்து விடாதீர்கள், அம்மா. உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அமலையைப் போலவே இந்த மீனும் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததுதான். கவசம் போன்ற உடலால் வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். உயிர்வளி குறைந்த நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். நம் கெண்டையும் கெளுத்தியும் அதனோடு இரைக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்; அவர்கள் மறுத்தால், பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.