போதை ஊசி, மாத்திரை, குடி: கேள்வி பதில்

கே: தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான். கை வீங்கியிருக்கிறது. (திருச்சி)

ப: பெரும்பாலும் டபென்டடாலாக இருக்கும். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரை அது. அதிலுள்ள மாவும் டால்க்கும் தண்ணீரில் கரையாது. நுண்ணிய ரத்தக் குழாய்களில், நுரையீரலில் போய் அடைக்கும். காய்ச்சல் வந்தாலோ, விரல் குளிர்ந்து கறுத்தாலோ இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் சீழைக் கீறாதீர்கள். இன்னும் விடவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் புது ஊசி. பஞ்சு, தண்ணீர்கூடப் பொதுவில் வேண்டாம். பொது ஊசியால் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் சி இருந்தால் அரசே இலவச மாத்திரை தருகிறது, பெரும்பாலும் 12 வாரம்.

கே: போதையில் மயங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

ப: வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உலுக்கியும் எழவில்லை, உதடு நீலம், குறட்டைபோல் மூச்சு என்றால் 108. மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கக் கிடத்தி, தாடையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, 5 நொடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன போட்டான் என்பதை மறைக்காதீர்கள். போதையை முறிக்கும் நலாக்சோன் மருந்தில் எழுந்தாலும் அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூச்சு மறுபடி நிற்கலாம். உடனே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

எப்போதும் சொல்வதுதான்: சிறை, மறுவாழ்வு மையம் விட்டு வந்தவனுக்குப் பழைய அளவே எமன். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும்.

கே: குடியை மறக்கடிக்கும் பவுடரைச் சாம்பாரில் கலக்கலாமா?

ப: கூடாது. மதுவோடு சேராத டைசல்பிராம் மருந்து அதில் இருக்கலாம். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து உண்டு.

கே: ஹெராயின் போன்ற போதையை விட மையத்தில் புப்ரினார்பின் மாத்திரை தருவது ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றுதானே?

ப: இல்லை. பெரும்பாலும் தினமும் மையத்தில், ஊழியர் கண்முன் நாக்கின் அடியில் கரைய வைப்பது அது. ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்காது. ஊசியும் கைவிட்டுப் போகும்.

கே: வரிப்பணத்தில் வாழ்நாள் முழுக்க மாத்திரையா? மன உறுதி போதாதா?

ப: சர்க்கரை நோயாளியிடம் மன உறுதி கேட்கிறீர்களா? அவசரப்பட்டு நிறுத்தியவர்கள்தான் பழைய ஊசிக்குத் திரும்பிச் சாகிறார்கள். ஒன்று மட்டும்: ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டால் வாந்தி, நடுக்கம் பொங்கும். நடுக்கம் தானாகத் தொடங்கிய பிறகே போட வேண்டும். நேரத்தை மருத்துவர் சொல்வார்.

கே: சாப்பாட்டில் கலக்கும் மருந்து...

ப: மேலே பாருங்கள்.

கே: தினமும் குடிக்கும் அப்பா நாளையே நிறுத்துகிறாராம்.

ப: தனியாக வேண்டாம். நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3ஆம் நாளில் பிதற்றல். மருத்துவமனையில் தயமின் (வைட்டமின் பி1) போட்ட பிறகே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். வழி கேட்க போதை மீட்பு உதவி எண் 14446.

கே: கஞ்சாவுக்குச் சிகிச்சைக்குப் போனால் கேஸ் வருமா?

ப: சிறிய அளவென்றால், அரசோ அரசு அங்கீகரித்ததோ ஆன மையத்துக்குத் தானாகப் போய் முழுதும் முடித்தவருக்கு, போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. பாதியில் விட்டால் விலக்கு போகலாம்.

கே: ஐயா, அந்தப் பவுடர் மூலிகை என்றால்?

ப: அம்மா, கூரியரில் வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. கூடாது.