படத்தைக் காட்டுங்கள், இடத்தைத் தேடுவோம்: கேள்வி பதில்

இலங்கையின் ஹட்டனில் பிறந்து வளர்ந்தவன் நான். மலைநாட்டுப் படங்களில் இடம் கண்டுபிடிப்பதுபற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த தேயிலை மலைப் படம். ரோட்டோரம் ஒரு ஆட்டோ நிற்கிறது. மூணாறா, நுவரெலியாவா?

தேயிலையைப் பார்த்தால் பிடிபடாது தம்பி, ஆட்டோவைப் பாருங்கள். முன்னால் வெள்ளை நம்பர் தகடு, பின்னால் மஞ்சள் என்றால் இலங்கைதான். பழைய தகடுகளில் மாகாண எழுத்தும் இருக்கும்: சி.பி. என்றால் மத்திய மாகாணம், யூ.பி. என்றால் ஊவா. ஆனால் வண்டி எங்கேயும் ஓடும். அதை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஆகஸ்டில் ஹட்டனில் எடுத்தது என்கிறார் நண்பர். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறதே?

எனக்கும் சந்தேகம்தான். அந்த மாதம் இங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே ஊவாப் பக்கம் காற்று காய்ந்துதான் இறங்கும். முதலில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் தேடுங்கள். அப்புறம், நிழலை வைத்துத் திசை பார்ப்பதென்றால் கவனம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும், மதிய நிழல் தெற்கே விழும்.

கேள்வி: ஒரு பிள்ளை வீட்டு வாசலில் எடுத்த வீடியோ போட்டிருக்கிறாள். எந்தத் தோட்டம் என்று சொல்ல முடியுமா?

சொல்ல மாட்டேன். அவள் விரும்பினால் அவளே சொல்வாள்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. தாத்தா 1970களில் இலங்கையிலிருந்து இங்கே வந்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் மிச்சம். தகரக் கூரைக்குப் பின்னால் கூரான மலை, மூலையில் கொஞ்சம் தண்ணீர். எந்தத் தோட்டமாக இருக்கும்?

தங்கச்சி, தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்துபோன குடும்பங்களின் படம் வந்தால் மற்ற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். லயத்தை வைத்துத் தோட்டத்தைச் சொல்ல முடியாது. எங்கே போனாலும் அதே தகரம், அதே காம்பரா (அறை) வரிசை. மலை முகடுதான் மாறாதது. நீங்கள் சொல்லும் கூர் சிவனொளிபாத மலையாக இருக்கலாம். மஸ்கெலியாப் பக்கமிருந்து அது கூம்பு மாதிரித் தெரியும். தண்ணீர் நல்ல துப்பு. மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் கடைசியில் வந்தது. பழைய மஸ்கெலியா டவுனே அதற்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். அது மவுசாகலைத் தண்ணீர்தான் என்றால், தாத்தா கப்பலேறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் எடுத்த படம்.

மலை முகட்டின் விளிம்பை மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் இருக்கும் சின்ன மேடு பெரிய மலையை எந்த இடத்தில் மறைக்கிறது என்று குறியுங்கள். அரை மைல் நகர்ந்தாலே அந்த இடம் மாறிவிடும். கூகுள் எர்த்தில் கரையோரமாக ஒவ்வொரு தோட்டமாக நின்று பார்த்தால், எங்கே பொருந்துகிறது என்று தெரியும்.

அதற்கு முன் படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் பெயரும் இருக்கும். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டையும் தேடுங்கள். படத்தின் இரண்டு பக்கத்தையும் அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸ் ஏறி, நானே நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.