கெட்டி ஆயில் ஊற்றினால் குறை நின்றுவிடுமா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது 2,000 கிலோமீட்டருக்குள் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. கையேடு 5டபிள்யூ-30 என்கிறது. மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?"

வேண்டாம். ஆயில் எந்த வழியில் போகிறது என்று முதலில் பாருங்கள்.

பல சிறிய கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். அப்படியானால் உங்களுக்கு 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் செலவாகிறது. இது அதிகம்தான், ஆனாலும் எஞ்சினைப் பிரிக்கும் நிலை இன்னும் வரவில்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறாது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இதையும் கணக்கில் வையுங்கள்.

இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரியுங்கள். காலையில் கறை இருந்தால் அது கசிவு. ஸ்டார்ட் செய்ததும் சில நொடி மட்டும் நீலப் புகை (ஆயில் எரிவதன் அடையாளம்) வந்து மறைந்தால் வால்வு சீல்களை, அதாவது வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்களைச் சந்தேகிக்கலாம். மேம்பாலம் ஏற அழுத்தும்போது புகைந்தால், பிஸ்டனைச் சுற்றி ஆயிலை மேலே ஏறவிடாமல் வழிக்கும் பிஸ்டன் ரிங்குகளை. இவற்றுக்கெல்லாம் முன்பு பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் சிறு வால்வு) கழற்றி, காதருகே குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வால்வுகள் 'கடகட' என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அடைத்திருக்கிறது. விலை குறைந்த இந்தப் பாகத்தைப் பார்க்காமலே எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இனி ஆயில் எண்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ளது குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலிலும் வியர்க்கும் நம் ஊரில் அதைப் பற்றிக் கவலை இல்லை. பின்னால் உள்ள எண்தான் சூடான எஞ்சினில் ஆயிலின் கெட்டித்தன்மை. 100 டிகிரியில் 30 ரக ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை இருக்கும். 50 ரகம் 16.3-இல்தான் தொடங்குகிறது. மெல்லிய ஆயிலுக்காக அமைத்த குறுகிய வழிகளில் அது தயங்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். ரிங்கின் துளைகளை அடைத்த கரியையும் அது கரைக்காது.

கையேட்டின் அட்டவணை அனுமதித்தால் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஊற்றிப் பாருங்கள். எளிதில் ஆவியாகாததால் குறை சற்றுத் தணியலாம்.

வாரம் ஒருமுறை காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், சமதளத்தில் அளந்து குறித்து வையுங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். சிவப்பு விளக்கு எரியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்த பிறகே எரியும்.

இத்தனைக்குப் பிறகும் குறைந்தால், சிலிண்டர்களில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். பழுது வால்வு சீல்களில் என்றால் பல எஞ்சின்களில் ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதி) கழற்றாமலேயே மாற்றிவிடலாம்.